அம்மை ஓர்மை, அப்பா ஓர்மை: வீட்டுக்குள் அன்றாடம் எழும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் நினைவுக்கு இன்றும் ஓர்மை என்றுதான் பெயர். "அப்பாவுக்க ஓர்மை வந்துட்டு" என்பார்கள். தாயையோ தகப்பனையோ இழந்தவர்கள் அந்த ஓர்மை வரும் நேரங்களைப் பற்றி அடிக்கடி கேட்பவற்றையும், அதற்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம். ஓர்மை ஏன் வருகிறது என்பதோடு, அது தங்கியிருக்கும் குரல், படம், துணி, சட்டி ஆகியவற்றைக் காப்பது பற்றியும் எழுதியிருக்கிறோம். பாதிக் கேள்விகள் அதைப் பற்றித்தான் வருகின்றன.

மீன் கழுவும்போது அம்மை திடீரென்று கண்முன் வருகிறாள். அவளை நினைக்கவே இல்லையே, எப்படி வருகிறாள்?

நினைக்காததால்தான் வருகிறாள். நாமாகத் தேடி எடுக்கும் ஓர்மை ஒன்று, தானாக வரும் ஓர்மை மற்றொன்று. இரண்டாவது வகை, கை வேலையில் இருந்து மனம் தளர்வாக இருக்கும் நேரத்தில்தான் அதிகம் வரும். பாத்திரம் தேய்ப்பது, முற்றம் தூப்பது, உள்ளி (சின்ன வெங்காயம்) உரிப்பது, பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பது எல்லாம் அப்படிப்பட்ட நேரங்கள்.

ஒரு சம்பவம் மனதில் பதியும்போது சுற்றி இருந்ததும் சேர்ந்தே பதிகிறது. பிறகு அந்தச் சுற்றுப்புறத்தில் ஒரு துண்டு கிடைத்தாலும் மற்றது எழுந்து வரும். டல்விங், தாம்சன் என்ற உளவியலாளர்கள் இருவர் 1973-இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். சாளை மீனின் வயிற்றைப் பெருவிரல் நகத்தால் கீறிக் குடலை ஒரே இழுப்பில் எடுக்கிறீர்கள், செதில் முழங்கைவரை ஒட்டுகிறது, புறங்கையால் நெற்றி முடியை ஒதுக்குகிறீர்கள். இந்த அசைவை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தே கை படித்தது. கைப்பழக்கத்தைக் காக்கும் மூளைப்பகுதிகள் வேறு, சம்பவங்களைக் காக்கும் பகுதி வேறு. அதனால் அம்மையின் முகம் மங்கினாலும் அவளுடைய கையசைவு உங்கள் கையில் மங்காமல் இருக்கும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

மணம் மட்டும் ஏன் இவ்வளவு வேகமாக இழுக்கிறது?

பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் மூளையின் மேற்பகுதிக்குப் போகின்றன. மணத்துக்கு அந்தச் சுற்றுவழி இல்லை. மூக்கின் மேலிருக்கும் நரம்புக்குமிழிலிருந்து உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்கும், ஓர்மைக்குரிய ஹிப்போகாம்பஸுக்கும் அது குறுக்குவழியில் போய்ச்சேருகிறது. "என்ன மணம் இது?" என்று பெயர் சொல்லும் முன்பே நெஞ்சு அடைப்பது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. சொல்லாலும் படத்தாலும் கிளம்பும் ஓர்மைகள் பெரும்பாலும் பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் நடந்தவை. மணத்தால் கிளம்புபவை அதற்கும் முந்தியவை, பத்து வயதுக்குட்பட்டவை. குலசேகரம், அருமனைப் பக்கம் வளர்ந்தவருக்கு ரப்பர் மரத்து ஒட்டுப்பாலின் புளித்த வாடையும் ரப்பர் ஷீட் காயும் புகைப்புரை வாடையும் அப்பாவைக் கொண்டுவரும். கடற்கரைக்காரருக்குக் காயப்போட்ட நெத்தலி. பனங்காட்டுப் பக்கம் அக்கானி (பதநீர்) கொதித்துக் கருப்பட்டியாகத் திரளும் வாசம். பிறருக்கு நாற்றமாகப் படுவது உங்களுக்கு அப்பாவின் சட்டையாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை: அந்த மணத்தைத் தினமும் பயன்படுத்தாதீர்கள். அம்மை பூசிய குட்டிக்கூரா பவுடரை நீங்களும் நாள்தோறும் பூசினால், சில மாதத்தில் அது உங்கள் ஆபீசுக்கும் உங்கள் பஸ்ஸுக்கும் உரிய வாசமாகிவிடும், அம்மைக்கான கொக்கி கழன்றுவிடும். டப்பாவை மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறங்கள்.

இறந்த நாளன்று அழுகை வரவில்லை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, வடசேரிச் சந்தையில் மட்டிப்பழம் வாங்கும்போது உடைந்துபோனேன். எனக்குப் பாசம் குறைவா?

இல்லை. இறந்தநாள் வருவது முன்பே தெரியும், பத்து நாளாக மனம் கட்டிக்கொண்டு தயாராக இருக்கும். ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்திலோ குழித்துறை ஆற்றிலோ பலி (தர்ப்பணம்) போடும்போதும், நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போதும் சுற்றிலும் ஆட்கள், செய்யவேண்டிய வேலைகள். சந்தைக்கு மனம் அப்படிக் காவலோடு போவதில்லை. குலையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து முகர்ந்து பார்ப்பது அப்பாவின் பழக்கமாக இருந்தால், அதே செயலை உங்கள் கை செய்த நொடியில் எல்லாம் ஒன்றாக வந்துவிடும்.

அப்படி வந்தால் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். இந்த அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் இறங்கும். வண்டி ஓட்டும்போது வந்தால் கட்டாயம் நிறுத்துங்கள், கண்ணீரோடு ஓட்டக்கூடாது.

அம்மை வைத்த உள்ளித்தீயல் (தேங்காய் வறுத்தரைத்து வைக்கும் சின்ன வெங்காயப் புளிக்கறி) ருசி எனக்கு வரமாட்டேங்குது. அதே சாமான், அதே வீடு. எங்கே தப்பு?

அதிகம் வரும் கேள்வி இது, பதிலும் நீளம். நாலு பேருக்கு ஓர் அளவு சொல்கிறோம், அதை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தேங்காய் ஒரு முறி (பாதிக்காய்) துருவியது, மிளகாய் வத்தல் 6 முதல் 8, மல்லி 2 மேசைக்கரண்டி, நல்லமிளகு அரை தேக்கரண்டி, உள்ளி 200 கிராம், புளி 25 கிராம், கறிவேப்பிலை ஒரு கொத்து, தேங்காய் எண்ணெய்.

முதல் தப்பு வறுப்பதில் நடக்கும். தீயை ஏற்றினால் துருவலின் ஓரம் கருகும், உள்ளே வெள்ளையாக நிற்கும். கறி கசக்கும், ஆனால் ஆழம் இருக்காது. சிறுதீயில் கைவிடாமல் கிளறினால் 15 முதல் 20 நிமிடம் ஆகும். கருப்பட்டி நிறத்துக்கு ஒரு படி முன்னால் இறக்கி, உடனே தட்டில் பரப்புங்கள். சூடான சட்டியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வறுபட்டுக் கருகிவிடும். மல்லியையும் மிளகையும் தேங்காய் பொன்னிறமான பிறகு சேர்க்கவேண்டும். முதலிலேயே போட்டால் அவை தீய்ந்துபோகும். இளந்தேங்காயில் எண்ணெய் குறைவு, முற்றிய காய்தான் வேண்டும். பாக்கெட்டில் வரும் உலர்ந்த துருவலில் இந்தக் கறி வராது.

இரண்டாவது அரைப்பு. ஆறிய பிறகு தண்ணீரே விடாமல் அரைத்தால் தேங்காய் தன் எண்ணெயைக் கக்கிக் குழம்பாக இளகும். அதுவரை நிறுத்தக்கூடாது. மிக்ஸி வெட்டுகிறது, அம்மி நசுக்குகிறது. அம்மையின் கறி வழவழப்பாக இருந்ததற்கு அதுவே காரணம். மிக்ஸியில் செய்வதென்றால் விட்டுவிட்டு ஐந்தாறு தடவை ஓட்டி, நடுவில் ஜாரைச் சுரண்டிவிடுங்கள். ஒரே ஓட்டாக ஓட்டினால் அரைப்பு சூடாகி மணம் பறக்கும்.

மூன்றாவது உள்ளி. பெரிய வெங்காயத்தில் தண்ணீரும் வேறுவித இனிப்பும் அதிகம், அது தீயலைக் கூட்டாக்கிவிடும். உள்ளியை முழுசாக, நிறம் மாறும்வரை எண்ணெயில் வதக்கவேண்டும். நாலாவது புளி: ஒரு வருடம் கிடந்து கறுத்த பழம்புளிக்கும் புதுப்புளிக்கும் ருசி வேறு. அம்மை பரணில் பானையில் வைத்திருந்தது பழம்புளியாக இருந்திருக்கலாம், நீங்கள் வாங்குவது இந்த வருடத்துப் புளி.

எல்லாம் சரியாகியும் வரவில்லையென்றால், கறியை விட்டுவிட்டுச் சாப்பிட்ட நேரத்தை யோசியுங்கள். காலையில் வைத்த கறியை நீங்கள் பள்ளிவிட்டு வந்து சாயங்காலம் சாப்பிட்டீர்களா? தீயல் ஆறேழு மணிநேரம் மண்சட்டியில் இருந்தால் புளியும் காரமும் உள்ளிக்குள் இறங்கி வேறு கறியாகிவிடும். சோறு சம்பாவா, வெள்ளை அரிசியா? வயிற்றில் பசி எவ்வளவு? வயதாக ஆக மூக்கின் கூர்மையும் குறையும். பத்து வயதில் உணர்ந்ததை ஐம்பதில் அதே அளவில் உணர முடியாது. இந்தக் கடைசிப் பங்கை எந்த அளவாலும் ஈடுகட்ட முடியாது. அதற்காக உங்கள் கையைக் குறைசொல்லாதீர்கள்.

அம்மை இருக்கிறாள், ஆனால் "கண்ணளவுதான் மக்கா" என்கிறாள். எப்படி எழுதி எடுப்பது?

அளவைக் கேட்காதீர்கள், எடைபோடுங்கள். சமையலறைத் தராசு ஒன்று போதும். உப்புச்சாடி, மல்லி டப்பா, எண்ணெய்க்குப்பி எல்லாவற்றையும் சமையலுக்கு முன்னும் பின்னும் நிறுத்து எழுதுங்கள், வித்தியாசமே அம்மையின் கைப்பிடி. மூன்று நாள் இப்படி எடுத்தால் அவளுடைய அளவு தெரிந்துவிடும். ஒருநாள் மட்டும் எடுத்தால் தப்பாகும். அன்றைய தேங்காயின் பருவம், புளியின் வயது பார்த்து அவள் கையை மாற்றியிருப்பாள்.

கேள்வியை "எவ்வளவு?" என்று தொடங்காமல் "ஆயிட்டுன்னு எப்படித் தெரியும்?" என்று தொடங்குங்கள். "பதம் வந்தா சட்டி சத்தம் மாறும்" என்பதுபோல ஏதாவது சொல்வாள், அதுதான் எழுதவேண்டிய வரி.

வீடியோ எடுத்தால் போனை அவளுடைய தோளுக்குப் பின்னால், தோள் உயரத்தில், படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். முகத்தை நோக்கி வைத்தால் வெட்கத்தில் பேச்சு நின்றுவிடும், கையும் படத்தில் விழாது. புகைபோக்கி விசிறியை அணையுங்கள். போன் அரை மீட்டருக்குள் இருந்தால்தான் குரல் தெளிவாகப் பதியும்.

அப்பாவின் வாய்ஸ் நோட்டுகள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. அழியாமல் எப்படி வைப்பது?

முதலில் செய்யக்கூடாதவை. அப்பாவின் போனை ரீசெட் செய்து வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை உடனே நிறுத்தாதீர்கள். பயன்படாத எண்ணை நிறுவனம் சில மாதத்தில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வங்கி, பென்ஷன் காரியங்களுக்கு வரும் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். 120 நாள் பயன்படாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். உங்கள் போனில் இருக்கும் உரையாடல் அதனால் போகாது, உங்கள் போன் உடைந்தால்தான் போகும்.

ஆண்ட்ராய்டு போனில் கோப்புகளைத் திறந்து ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்அப் என்று உள்ளே போனால் வாய்ஸ் நோட்ஸ் என்ற அடைவு இருக்கும். அதில் எல்லாரும் அனுப்பிய எல்லா வாய்ஸ் நோட்டும் கலந்து கிடக்கும். கோப்பின் பெயரில் தேதி உண்டு, அனுப்பியவர் பெயர் இல்லை. ஆகவே அடைவை அப்படியே நகல் எடுத்தபின், அப்பாவின் உரையாடலைத் திறந்து ஒவ்வொன்றாக அழுத்திப்பிடித்து, பகிர் என்பதன் வழியாக உங்கள் ஈமெயிலுக்கோ கூகுள் டிரைவுக்கோ அனுப்பி, "2021 மார்ச், கொய்யா விழுந்ததுபற்றி" என்பதுபோலப் பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்றாத நகல் மூன்று வருடம் கழித்துப் பயன்படாது. முந்நூறு கோப்பில் எது அப்பா என்று தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

நகல் மூன்று இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் கூடப்பிறந்தவரிடமோ ஆன்லைனிலோ. இரண்டு வருடம் திறக்காத கூகுள் கணக்கை நிறுவனம் நீக்கிவிடலாம், வருடத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய்வாருங்கள். பென் டிரைவை மட்டும் நம்பி டிராயரில் போடுவது கூடாது.

கேசட்டில் குரல் இருந்தால், முதலில் ஒலிக்காமல் முழுதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுங்கள், ஒட்டிக்கிடக்கும் நாடா பிரியும். உள்ளே ஒலித்தலைக்கு எதிரே ஒரு சிறு பஞ்சுத்துண்டு இருக்கும். அது விழுந்திருந்தால் குரல் மங்கலாகக் கேட்கும், நாடா கெட்டுவிட்டது என்று தூக்கி எறியவேண்டாம். வேறொரு பழைய கேசட்டிலிருந்து அதை மாற்றலாம். ஒலிக்கும்போதே கம்பி வழியாகக் கணினியில் பதிவு செய்யுங்கள், இரண்டாம் தடவை நாடா தாங்காமல் போகலாம்.

சுவரிலிருக்கும் அம்மையின் போட்டோவில் பூஞ்சை பிடிக்கிறது.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி (வடகிழக்குப் பருவ) மழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம், வெளிச்சுவர் ஜூன் முதல் டிசம்பர் வரை ஈரமாகத்தான் இருக்கும். படத்தை உட்சுவருக்கு மாற்றுங்கள். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் ஒரு செண்டிமீட்டர் தடிமனில் தக்கை ஒட்டினால் காற்று புகும். முகம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவே அட்டைச் சட்டம் இருக்கவேண்டும்.

ஏற்கனவே கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், முகத்தின் மேற்படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள்: பிளாஷ் வேண்டாம், இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக வெளிச்சம், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. தனிப் படங்களை 600 டிபிஐயிலும், பாஸ்போர்ட் அளவுப் படத்தை 1200-லும் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. பின்பக்கம் பெயரும் ஊரும் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பென் அழுத்தம் முகத்தில் புடைத்துத் தெரியும்.

ஏஐ வைத்து நிறமூட்டுவதும் பேசவைப்பதும் இப்போது எளிது. செய்பவர்களைக் குறைசொல்லவில்லை, ஆனால் அசலைத் தனியே வையுங்கள், மாற்றியதில் "மாற்றியது" என்று எழுதுங்கள். 2002-இல் வந்த ஓர் ஆய்வில், சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் போனதாகப் பொய்யாகத் தயாரித்த படத்தை 20 பேருக்குக் காட்டினார்கள். பாதிப்பேர் அப்படி நடந்ததாகவே ஏதோ ஒரு அளவுக்கு ஓர்மை சொன்னார்கள். அப்பாவின் சிரிப்பை இயந்திரம் மாற்றினால், நாளடைவில் மாறிய சிரிப்பே ஓர்மையில் நிற்கும்.

அம்மையின் முண்டும் நேரியதும் (இடுப்பில் கட்டும் துணியும் மேல்துணியும்) அவள் வாசத்தோடு இருக்கவேண்டும். துவைக்கலாமா?

இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றைத் துவைக்காமல், நன்றாகக் காய்ந்ததை மட்டும், அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் இறுக மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சைதான் மிஞ்சும். வாசம் என்பது ஆவியாகும் பொருள், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் போகும். மற்றதைக் கஞ்சிபோடாமல் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். கஞ்சிப்பசைக்கு ராமபாணப்பூச்சி வரும். அடிக்கடி துவைத்து மெத்தென்றான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, ஆறுமாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். கசவுக் (சரிகைக்) கரையில் பாச்சை உருண்டை படக்கூடாது, கறுக்கும்.

அப்பா பிறந்த தேதி பழைய பிரமாணத்தில் (பத்திரத்தில்) "1118 மேடம் 10" என்று இருக்கிறது. பிறந்தநாள் எது?

அது கொல்லம் ஆண்டு. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதற்கு முன் திருவிதாங்கூர். அந்தக் காலப் பத்திரம், ஜாதகம், ஞானஸ்நானப் பதிவு பலவற்றிலும் கொல்லம் ஆண்டே இருக்கும், சிலது மலையாள எழுத்தில். ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆவணி தொடங்கி டிசம்பர் 31 வரையுள்ள தேதிக்கு 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825. மேடம் என்பது சித்திரை, ஆகவே 1118 உடன் 825 சேர்த்தால் 1943. மேடம் 10 ஏப்ரல் 23-ஐ ஒட்டி வரும். பலர் எல்லா மாதத்துக்கும் 825 கூட்டி ஒரு வருடம் தப்புச் செய்வார்கள்.

பள்ளிச் சான்றிதழில் தேதி வேறாக இருந்தால் குழம்பவேண்டாம், சேர்க்கும் வயதுக்காக வாத்தியார் போட்ட தேதியாக இருக்கலாம். இறந்தநாளும் இப்படித்தான். திதி பார்த்தால் ஒரு நாள், நட்சத்திரம் பார்த்தால் வேறு நாள், ஆங்கிலத் தேதி மூன்றாவது நாள், ஹிஜ்ரி பார்ப்பவர்களுக்கு வருடந்தோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். வீட்டில் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி, எதை வைத்துச் செய்வது என்று கூடப்பிறந்தவர்கள் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.

அண்ணன் சொல்லும் அப்பா வேறு, எனக்குத் தெரிந்த அப்பா வேறு. யார் சொல்வது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். அண்ணனுக்குக் கிடைத்தது இருபத்தைந்து வயதுத் தகப்பன், கடைக்குட்டிக்குக் கிடைத்தது நாற்பது வயதுத் தகப்பன். தவிர, ஒவ்வொரு தடவை எடுத்துச் சொல்லும்போதும் ஓர்மை புதிதாக எழுதப்படுகிறது. அடிக்கடி சொன்ன கதை அதிகம் மாறியிருக்க வாய்ப்புண்டு. உறுதியான குரலில் சொல்வது சரியானதற்கு ஆதாரம் ஆகாது. இருவர் சொல்வதையும் தனித்தனியாக, பெயர்போட்டு எழுதி வையுங்கள். ஒன்றாக்க முயலும் இடத்தில்தான் சண்டை வரும்.

எனக்கு நல்ல ஓர்மை வரவில்லை. குடித்துவிட்டு வந்த அப்பாதான் வருகிறார்.

இறந்தவர்களைப் புகழ்ந்துதான் நினைக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. கதவு தட்டும் சத்தத்துக்கு இன்றும் உடம்பு விறைத்தால், அது உங்களைக் காக்கப் படித்த பழக்கம். இரண்டும் சேர்ந்தும் வரும்: அடித்த கையும், ஓணத்துக்குப் புதுச்சட்டை வாங்கிவந்த கையும் ஒன்றுதான். ஒன்றை வைத்து மற்றதை அழிக்கவேண்டியதில்லை. பலி போடவோ பூசைக்குக் காசு கொடுக்கவோ மனம் வராவிட்டால், இந்த வருடம் விட்டுவிடலாம்.

கடலுக்குப் போன அப்பா திரும்பவே இல்லை. கல்லறையும் இல்லை. சாப்பாட்டுக்கு இலை போடும்போதெல்லாம் எண்ணிக்கை தவறுகிறது.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் இந்தக் கேள்வியோடு வாழும் வீடுகள் பல. பௌலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். உடல் கிடைக்காததால் மனம் ஒரு பக்கம் ஒப்புக்கொள்ளும், மறுபக்கம் வாசலைப் பார்க்கும். இதில் "முடித்துவை" என்று யாரும் சொல்லக்கூடாது. "அநேகமாக வரமாட்டார், ஆனாலும் காத்திருப்பு எனக்குள் இருக்கும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. காணாமல்போனவரை இறந்தவராகக் கருதச் சட்டம் பொதுவாக 7 ஆண்டுகள் என்கிறது. காகிதத்தில் கையெழுத்துப் போடுவது துரோகமில்லை, வீட்டுக் காரியம். ஓர் இலை கூடுதலாகப் போட்டால் போட்டதாகவே இருக்கட்டும்.

"பாட்டா எங்கே?" என்று தாத்தாவைத் தேடி நாலு வயதுப் பிள்ளை கேட்கிறது.

"இறந்துட்டாரு. உடம்பு வேலை செய்யறதை நிறுத்திட்டு. இனி வரமாட்டாரு" என்று நேராகச் சொல்லுங்கள். "உறங்குறாரு" என்றால் பிள்ளை உறங்கப் பயப்படும், "வெளியூர் போயிருக்காரு" என்றால் பஸ் ஸ்டாண்டில் தேடும். ஐந்து வயதுக்குக் கீழே மரணம் திரும்பாதது என்பது புரியாது, ஆகவே மறுபடி மறுபடி கேட்கும். அதே சொல்லிலேயே பதில் சொல்லுங்கள்.

ஆச்சிக்கு மறதி நோய். எப்பவோ இறந்துபோன தன் அம்மையைக் கேட்டு அழுகிறாள். "செத்துட்டா" என்று சொல்லலாமா?

ஒருமுறை சொல்லிப் பாருங்கள். புதுச்செய்தியாகக் கேட்டு உடைந்துபோனால் மறுபடி சொல்லவேண்டாம். அவள் கேட்பது பெரும்பாலும் செய்தியை இல்லை, ஒரு பாதுகாப்பை. "உங்க அம்மை கொழுக்கட்டைக்கு என்ன வச்சு அவிப்பாங்க ஆச்சி?" என்று அந்தப் பேச்சுக்குள்ளேயே போங்கள். கையில் கொஞ்சம் மாவு கொடுத்தால் உருட்டிக் காட்டுவாள். பேச்சு போனபிறகும் கைவேலை மறக்காமல் இருக்கும். சாயங்காலம் இந்தத் தேடல் கூடும், விளக்கைச் சீக்கிரமே போடுங்கள். பசியும் மூத்திர அவசரமும் இப்படி வெளிப்படலாம், அதையும் பாருங்கள்.

அம்மை கூப்பிடுவதுபோல் கேட்கிறது. பயமாக இருக்கிறது. எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்?

கூப்பிடும் குரலும் நடக்கும் சத்தமும் கேட்பது மட்டும் நோயல்ல. 1971-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டபோது ஏறக்குறைய பாதிப்பேர் இதுபோன்ற அனுபவம் சொன்னார்கள், பலர் ஆறுதலாக இருந்ததாகவும் சொன்னார்கள். துக்கத்துக்கு ஐந்து படி என்று பரவலாகச் சொல்கிறார்களே, 1969-இல் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை எழுதியது இறந்துகொண்டிருக்கும் நோயாளிகளை வைத்து. நீங்கள் அந்த வரிசையில் போகவில்லையென்று கவலைப்படவேண்டாம். காலையில் அழுது மத்தியானம் சிரிப்பதும் இயல்பு.

ஏக்கம் நாள் முழுதும் விடாமல், வேலையும் சாப்பாடும் பிள்ளைகளும் கைவிட்டுப்போகும் அளவுக்கு ஆறுமாதம் தாண்டியும் இருந்தால் உதவி தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் அந்த 6 மாதத்தைத்தான் எல்லையாகச் சொல்கிறது, அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. குரல் உங்களைத் திட்டினாலோ ஏதாவது செய்யச் சொன்னாலோ, "நானும் போகணும்" என்று தோன்றினாலோ மாதக்கணக்கு பார்க்காதீர்கள், அன்றே பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, இருபத்துநாலு மணிநேரமும், தமிழிலும் பேசலாம். நேரில் போக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அம்மையின் மீன்சட்டியை எடுத்துப் பயன்படுத்தலாமா, அலமாரியில் பத்திரமாக வைக்கலாமா?

பயன்படுத்துங்கள் என்பதே எங்கள் கருத்து. விரலால் சுண்டிப்பாருங்கள்: கணீரென்றால் சட்டி நலம், மொட்டையாக ஒலித்தால் மயிர்விரிசல் இருக்கிறது. நலமான சட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் அரைமணிநேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவி ஒருநாள் வையுங்கள். காய்ந்த சட்டியை நேரே பெருந்தீயில் வைத்தால் அடிவிரியும், சூட்டில் பச்சைத்தண்ணீர் ஊற்றினாலும் விரியும். சோப்பு போடாதீர்கள், மண் அதைக் குடித்து அடுத்த கறியில் கக்கும். சாம்பலும் தேங்காய்நாரும் போதும்.

விரிசல் விட்டதை அடுப்பில் ஏற்றவேண்டாம். அதில் கல்லுப்பும் போட்டுவைக்காதீர்கள். உப்பு ஈரத்தோடு மண்ணுக்குள் ஏறிப் படிகமாகி, சட்டி ஓடு ஓடாக உதிரும். உள்ளியும் பூண்டும் போட்டு அடுக்களை மூலையில் வைக்கலாம், காற்று ஊடாடும், சீக்கிரம் முளைக்காது.